சன்ஸ்கிரீன்: எதை வாங்குவது, எவ்வளவு பூசுவது

சன்ஸ்கிரீன் குழாயில் அச்சிட்டிருக்கும் 50 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் பூசிச் சோதிக்கிறார்கள். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நாம் பூசுவது பெரும்பாலும் அதில் கால்வாசி, மிஞ்சிப்போனால் பாதி. பாதி பூசினால் 50 என்பது 25 ஆகிவிடும். சில சோதனைகளில் அதற்கும் கீழே போயிருக்கிறது. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிட்டு, ‘சன்ஸ்கிரீன் போட்டும் கருத்துவிட்டேன்’ என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

அதனால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இதை நான் அரை டீஸ்பூன் எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, வியர்வையோடு பேருந்தில் நிற்க முடியுமா?’ முடியும் என்றால் அது நல்ல சன்ஸ்கிரீன். பூசியதும் கழுவத் தோன்றுகிறது என்றால் எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை.

நம் தோலுக்கு எதற்கு இது?

கருத்த தோலில் மெலனின் அதிகம். அதனால் வெள்ளைக்காரர்களைப் போல அரை மணி நேரத்தில் சிவந்து வெந்துபோவதில்லை. வெயிலால் வரும் தோல் புற்றுநோயும் நம்மிடம் அவர்களைவிட மிகவும் குறைவு. இதை மறைத்துவிட்டுப் பயமுறுத்தி விற்பது நியாயமில்லை. நம்மைத் தொல்லைப்படுத்துவது வேறு விஷயங்கள்: கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் மங்கு, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளி, கைமுட்டிக்கு மேல் ஒரு நிறமும் கீழே ஒரு நிறமும், வயதுக்கு முன்பே வரும் சுருக்கம். வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கோ இது அழகுப் பொருளே இல்லை, மருந்துக்குச் சமம்.

சில மருந்துகளும் தோலை வெயிலுக்கு இளக்காரமாக்கிவிடும். பருவுக்கும், வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் தடுப்புக்கும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, இரவில் பூசும் ட்ரெட்டினாயின் வகைக் கிரீம்கள் ஆகியவை இதில் சேரும். மூட்டுவலிக்கு கீட்டோபுரோஃபென் ஜெல் தடவுகிறவர்கள், தடவுவதை நிறுத்திய பிறகும் 2 வாரம் அந்த இடத்தை வெயிலில் காட்டக்கூடாது. இந்த ஜெல்லால் ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஆக்டோகிரைலீன் என்ற பொருள் உள்ள சன்ஸ்கிரீனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சூட்டையும் புற ஊதாக் கதிரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிராகத்தான் இருக்கும். ஆனால் உயரம் கூடக் கூடக் கதிரைத் தடுக்கும் காற்று மெலிவதால், சமவெளியைவிட அங்கே கதிர் அதிகம். ஸ்வெட்டரோடு படகு சவாரி போய்விட்டு மூக்கு உரிந்து வருபவர்கள் இதனால்தான். சென்னையில் ‘நிழலில்லா நாள்’ ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை வரும். அந்த நாள்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்ட்டில் மேகமூட்டம் இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. மெல்லிய மேகம் கதிரைப் பெரிதாகத் தடுக்காது.

கைப்பேசியின் வானிலைச் செயலியில் யு.வி. இன்டெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு தேவை, 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் உச்சம். செயலி இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது.

குழாயின் மேல் என்ன படிக்க வேண்டும்

குழாயில் இருக்கும் அந்த 30, 50 என்ற எண்தான் எஸ்.பி.எஃப். புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யு.வி.பி. கதிரால் தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் கணக்கு. 15 என்றால் சிவக்க வைக்கும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது. 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. ‘30 தடுப்பது 97 சதவீதம், 50 தடுப்பது 98 சதவீதம், ஒரு சதவீத வித்தியாசத்துக்கு எதற்குக் காசு?’ என்று கேட்பவர்கள் உண்டு. தடுப்பதை விடுங்கள், உள்ளே போவதைப் பாருங்கள்: 3.3 சதவீதம் 2 ஆகக் குறைகிறது. அத்தோடு நாம் எப்படியும் குறைவாகத்தான் பூசப்போகிறோம் என்பதால், வெளியில் அலைபவர்கள் 50 வாங்குவதே நல்லது. பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு 30 போதும்.

‘30 என்றால் 30 மடங்கு நேரம் வெயிலில் நிற்கலாம்’ என்ற கணக்கைத் தூக்கிப் போடுங்கள். காலை 8 மணி வெயிலும் 12 மணி வெயிலும் ஒன்றில்லை. வியர்வையும் கைக்குட்டையும் அந்தப் படலத்தை அவ்வளவு நேரம் விட்டுவைப்பதும் இல்லை.

எஸ்.பி.எஃப். சோதனை வெளிர்தோல் உள்ளவர்கள் மீது, சிவத்தலை அளவிட்டு நடக்கிறது. நம் பிரச்சினை கருத்தல். அதைச் சொல்வது பக்கத்தில் இருக்கும் பி.ஏ. குறி. ஜப்பானில் 1996-இல் வந்த இந்த முறையில், புற ஊதாக் கதிரின் இன்னொரு வகையான யு.வி.ஏ. கதிர் பட்டுத் தோல் கருப்பதையே அளவிடுகிறார்கள். ஒரு கூட்டல் குறி என்றால் 2 முதல் 4 மடங்கு வரை தடுப்பு, இரண்டு என்றால் 4 முதல் 8, மூன்று என்றால் 8 முதல் 16, நான்கு என்றால் 16-க்கு மேல். மூன்றுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். பி.ஏ. இல்லாத ஐரோப்பியத் தயாரிப்பில் வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று போட்டிருக்கும், அதன் யு.வி.ஏ. தடுப்பு எஸ்.பி.எஃப்.-இல் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள். அமெரிக்கக் குழாயில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

நீச்சல், கடல், கடும் வியர்வை என்றால் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ தேவை. 40 நிமிடமா 80 நிமிடமா என்று அமெரிக்கப் பொருள்களில் எழுதியிருக்கும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போடுவதை 2011 விதிகளிலேயே அமெரிக்கா தடுத்துவிட்டது. தண்ணீரில் கரையவே கரையாத சன்ஸ்கிரீன் கிடையாது.

பின்பக்கத்தைத் திருப்பி உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். தெரியாத இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது எத்தனை மாதம் எந்தக் கிடங்கில் வெந்தது என்று சொல்ல ஆளில்லை. எண்ணையும் கண்மூடி நம்ப வேண்டியதில்லை. 2020 கடைசியில் தென்கொரியாவில் பெரிதாக விற்றுக்கொண்டிருந்த ஒரு கிரீமை ஐரோப்பிய ஆய்வகங்களில் சோதித்தபோது, 50-க்கு மேல் என்று அச்சிட்டிருந்த அதன் எஸ்.பி.எஃப். 19 அளவில்தான் நின்றது.

உள்ளே இருப்பது என்ன

தாது வகை என்றால் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும். மற்றதெல்லாம் பொதுவாக ‘கெமிக்கல்’ என்ற பெயரில் போகும். தாது வகை கண்ணாடி போலக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது, கெமிக்கல் வகை உறிஞ்சுகிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. உண்மையில் தாதுப் பொடிகளும் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை உறிஞ்சத்தான் செய்கின்றன; சிதறடிப்பது சிறு பங்கு. ஆகவே ‘கெமிக்கல் சூட்டை உள்ளே இழுக்கும்’ என்று பயப்பட ஒன்றுமில்லை.

தாது வகை எரிச்சல் குறைவு. குழந்தைகள், கர்ப்பிணிகள், எளிதில் அரிப்பு வரும் தோல்காரர்கள், கண்ணைச் சுற்றிப் பூச நினைப்பவர்கள் இதை எடுக்கலாம். குறை என்னவென்றால், மாநிறத்துக்கும் கருப்புக்கும் சாம்பல் பூசியது போல வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து நாம் அளவைக் குறைப்போம். அளவைக் குறைத்தால் போட்டும் போடாதது போலத்தான். டைட்டானியம் மட்டும் உள்ளதைவிட ஜிங்க் சேர்ந்தது மேல், ஏனென்றால் நீள் அலை யு.வி.ஏ.-வில் டைட்டானியம் பலவீனமானது.

மற்ற வகையில் யு.வி.ஏ.-வைப் பிடிப்பது எது என்று தேடுங்கள். அவோபென்சோன் பழைய வேலைக்காரன். பொருள் பட்டியலில் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்ற நீண்ட பெயரில் ஒளிந்திருக்கும். அது வெயிலிலேயே சிதையக்கூடியது. கூட ஆக்டோகிரைலீன் போன்ற ஒன்று இருந்தால் தாங்கும். ஆக்டினாக்சேட் என்ற இன்னொரு பொருளோடு மட்டும் சேர்த்தால் இரண்டும் சேர்ந்தே கெடும். டினோசார்ப் எஸ், டினோசார்ப் எம், யுவினல் ஏ பிளஸ் ஆகியவை புதியவை. வெயிலில் எளிதில் சிதையாது, பெரிதாக வெளுத்தும் தெரியாது. நம் நிறத்துக்கும் நம் ஊர் வியர்வைக்கும் இவை கொண்ட ஜெல்லோ மெல்லிய லோஷனோ பெரும்பாலும் பொருந்துகிறது.

மங்கு இருப்பவர்களுக்கு இதெல்லாம் மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, அதிலும் நீல ஒளி, மாநிறத் தோலைக் கருக்க வைக்கிறது. நிறமற்ற சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறம் ஏற்றிய ‘டின்டட்’ வகைதான் தடுக்கும், பட்டியலில் சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களாக இருக்கும். மருத்துவர் கொடுத்த மங்குக் கிரீமை ஆறு மாதம் பூசியும் குறையவில்லை என்றால், காலையில் பூசும் சன்ஸ்கிரீன் எந்த வகை என்று முதலில் பாருங்கள். தாது வகையின் வெளுப்பையும் இந்த நிறம் மறைத்துவிடும், அது கூடுதல் லாபம்.

எல்லாம் ரத்தத்தில் கலக்கிறதாமே என்ற கேள்வி வரும். கலக்கிறது. 2019-இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை நடத்திய ஆய்வில் 24 பேர் உடம்பில் 75 சதவீதப் பரப்புக்கு, நாளுக்கு நான்கு தடவை, நான்கு நாள் முழு அளவு பூசினார்கள். அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் போன்றவை ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டின. அந்த அளவு ஆபத்தின் எல்லை இல்லை. அதைத் தாண்டினால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்பதற்கான கோடு. ஜிங்கையும் டைட்டானியத்தையும் பாதுகாப்பானவை என்று ஏற்கலாம் என்றும், மற்றப் பலவற்றுக்கு இன்னும் தரவு வேண்டும் என்றும் அதே ஆண்டு அத்துறை முன்மொழிந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுபவருக்கு அந்த ஆய்வின் பரப்பில் சிறு பகுதிதான் வரும். அப்படியும் மனம் உறுத்தினால் ஜிங்க் வகையை எடுங்கள்; ஆக்ஸிபென்சோனைத் தவிர்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை, நல்ல மாற்று நிறைய இருக்கிறது. பவளப்பாறைகளுக்காக ஹவாய் மாநிலம் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் விற்பனையை 2021 முதல் தடுத்திருக்கிறது. அந்தமானிலோ மன்னார் வளைகுடாவிலோ கடலில் இறங்குகிறவர்கள் முழுக்கைச் சட்டையோடு இறங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

எவ்வளவு?

முகம், காது, கழுத்து, பிடரி ஆகியவற்றுக்குச் சேர்த்து அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி. குழந்தைகளின் சிரப் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் 2.5 என்ற கோடு இருக்கும். ஒரே ஒரு நாள் அதில் ஊற்றிப் பாருங்கள், கண் பழகிவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு இழுப்பது பலர் சொல்லும் முறை. ஆனால் குழாயின் வாய் சிறியதாக இருந்தால் அந்தக் கோட்டில் ஒரு கிராம்தான் வரும், முகத்துக்கு மட்டும் சரியாக இருக்கும். அப்படியென்றால் கழுத்துக்கும் காதுக்கும் இன்னொரு இரண்டு விரல்.

முழுக்கைக்கு ஒரு டீஸ்பூன், முழங்கைக்குக் கீழே மட்டும் என்றால் அரை. ஒரு காலுக்கு இரண்டு டீஸ்பூன். கடற்கரையில் உடம்பு முழுக்க என்றால் 30 முதல் 35 மில்லி ஆகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். முகம், கழுத்துக்கு 2.5, இரண்டு முன்கைக்கு 5, மொத்தம் 7.5 மில்லி. 50 கிராம் குழாய் ஏழு தடவைக்குக்கூட வராது. இதனால்தான் கைக்குச் சன்ஸ்கிரீன் வாங்குவதைவிட முழுக்கைச் சட்டையோ, வண்டி ஓட்டுபவர்கள் போடும் கையுறையோ வாங்கச் சொல்கிறோம். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி நாள் முழுக்க வேலை செய்யும், மறுபடி பூச வேண்டியதில்லை. நனைந்த மெல்லிய வெள்ளைக் காட்டன் மட்டும் நம்பத் தகுந்ததில்லை. வயலிலும் கட்டட வேலையிலும் தலையில் கட்டும் துண்டும், பிடரியை மூடும் முக்காடும் எந்தக் குழாய்க்கும் இளைத்தவை இல்லை. துணி மூட முடியாத இடத்துக்குத்தான் கிரீம்.

முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் என்றாலும் நாளுக்கு ஒருமுறை சரியான அளவில் பூசினால் 50 கிராம் குழாய் மூன்று வாரத்தில் காலியாக வேண்டும். உங்களுடையது ஆறு மாதமாக ஓடுகிறது என்றால் எங்கே தவறு என்று சொல்லத் தேவையில்லை. விலை அதிகமானதை வாங்கிக் கஞ்சமாகப் பூசுவதைவிட, தாராளமாகப் பூச முடிகிற விலையில் வாங்குவது புத்திசாலித்தனம்.

பூசும் முறை

புதுக் குழாயை வாங்கியதும் முகத்தில் போடாதீர்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கமோ காதுக்குப் பின்னாலோ காலை, மாலை சிறிது தடவி ஐந்து நாள் பாருங்கள். சில ஒவ்வாமைகள் வெயில் பட்டால்தான் வெளிப்படும் என்பதால், கடைசி இரண்டு நாள் தடவிய இடத்தை ஐந்து நிமிடம் இளவெயிலில் காட்டுங்கள்.

காலையில் முகம் கழுவி, தேவைப்பட்டால் மாய்ஸ்சரைசர் போட்டு, அது உறிஞ்சும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். எண்ணெய்ப்பசை முகத்துக்கு மாய்ஸ்சரைசரே வேண்டியதில்லை. பிறகு சன்ஸ்கிரீனை இரண்டாகப் பிரித்துப் பூசுங்கள். முதல் பாதியை நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை, கழுத்து என்று புள்ளி புள்ளியாக வைத்து, தேய்க்காமல் பரப்பி விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டாம் பாதி. ஒரேயடியாகப் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும், நாம் துடைத்துவிடுவோம். இரண்டு தடவையாகப் பூசினால் அதே அளவு சமமாக உட்காரும்.

விட்டுப்போகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: காதின் மேல் விளிம்பு, பிடரி, மூக்கின் இரு ஓரம், தலை வகிடு, ரவிக்கைக்கு மேலே தெரியும் முதுகு, சேலை கட்டினால் இடுப்பு, செருப்பு வாருக்கு இடையில் தெரியும் பாதம். வகிட்டில் கிரீம் பூசினால் முடி பிசுபிசுக்கும். குடையோ முக்காடோ போதும். உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம். பொட்டு வைக்கும் இடத்தையும் விட வேண்டாம். பூசி உலர்ந்த பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினால் நிற்கும்.

வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்னால் பூசி முடிக்க வேண்டும், படலம் உலர்ந்து பிடிக்க அந்த நேரம் தேவை. பூசியவுடன் ஹெல்மெட்டை மாட்டினால் பாதி அதன் உள்பஞ்சில் போய்விடும். மேக்கப், பவுடர் எல்லாம் இதற்கு மேலேதான். ஃபவுண்டேஷனோடு குழைத்துப் பூசுவது இரண்டையும் கெடுக்கும். எஸ்.பி.எஃப். 30 கிரீமும் 20 பவுடரும் சேர்ந்து 50 ஆகாது. கொசு விரட்டிக் கிரீம் போடுவதாக இருந்தால் முதலில் சன்ஸ்கிரீன், உலர்ந்த பிறகு அது. இரண்டும் சேர்ந்து ஒரே குழாயில் வருவதை வாங்காதீர்கள், ஒன்றை அடிக்கடி பூச வேண்டும், மற்றதை அப்படிப் பூசக்கூடாது.

வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. குளித்தாலோ துண்டால் துடைத்தாலோ உடனே. அலுவலகத்துக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காலையில் பூசியதோடு நிறுத்தி, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகும் முன் ஒருமுறை பூசினால் போதும். ஜன்னலோரம் என்றால் கதை வேறு: சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.-யைத் தடுக்கும், யு.வி.ஏ.-வை நிறைய விட்டுவிடும். காரின் பக்கக் கண்ணாடியும் பேருந்து ஜன்னலும் அப்படித்தான்.

வியர்த்த முகத்தில் மேலேயே பூசினால் உப்பும் கிரீமும் சேர்ந்து திப்பி திப்பியாக நிற்கும். சுத்தமான கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், முடிந்தால் தண்ணீரில் அலசுங்கள், பிறகு பூசுங்கள். மேக்கப் போட்டவர்கள் ஸ்டிக் வகையை ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு முறை தேய்க்கலாம். சன்ஸ்கிரீன் பவுடரை மட்டும் நம்பாதீர்கள். எண்ணில் எழுதிய பாதுகாப்புக்கு வேண்டிய பவுடரை யாரும் முகத்தில் தட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்ப்ரே வகையை முகத்தில் நேராக அடிக்காதீர்கள். உள்ளங்கையில் அடித்துத் தேய்க்க வேண்டும். காற்றில் பாதி போகும், மூச்சில் கொஞ்சம் போகும், அடுப்புப் பக்கத்திலோ அகல் விளக்குப் பக்கத்திலோ அடித்தால் பற்றிக்கொள்ளவும் கூடும். குழந்தைகளுக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தச் சன்ஸ்கிரீனும் பூச வேண்டாம். நிழல், தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை. அதற்கு மேல் தாது வகையை, கண்ணுக்கும் விரல் சப்பும் கைக்கும் விலகிப் பூசலாம்.

சரிவராமல் போவது ஏன்

கண் எரிகிறது: நெற்றியில் பூசியது வியர்வையோடு வழிகிறது. புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு அங்கே ஜிங்க் ஸ்டிக் போடுங்கள், கண்ணுக்குக் கீழேயும் அதுவே. அவோபென்சோன் அதிகமாக உள்ளவைதான் இதில் பெரும்பாலும் குற்றவாளி.

திரி திரியாக உருள்கிறது: கீழே போட்ட சீரமோ மாய்ஸ்சரைசரோ உலரவில்லை, அல்லது இரண்டிலும் சிலிக்கோன் அதிகம். இடைவெளி விடுங்கள், அப்படியும் உருண்டால் கீழே போட்டதை மாற்றுங்கள்.

பரு வருகிறது: இரவில் சரியாகக் கழுவவில்லையா என்று முதலில் பாருங்கள். நீரைத் தாங்கும் வகை ஒரு தடவை ஃபேஸ்வாஷில் போகாது. முதலில் கிளென்சிங் ஆயிலோ மைசெல்லர் தண்ணீரோ, பிறகு ஃபேஸ்வாஷ். ‘நான்-காமெடோஜெனிக்’ என்று எழுதியிருப்பது நல்ல அறிகுறிதான், உத்தரவாதம் கிடையாது.

சட்டைக் கழுத்தில் துருக்கறை: இது நம் போர்த் தண்ணீரின் வேலை. தண்ணீரில் உள்ள இரும்போடு அவோபென்சோன் சேர்ந்தால் ஆரஞ்சு நிறக் கறை விழும். பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஊற்றி அரை மணி ஊறவைத்து அலசுங்கள். வெள்ளைச் சீருடை போடும் பிள்ளைகளுக்கு அவோபென்சோன் இல்லாத வகையாகப் பார்த்து வாங்கினால் நிம்மதி.

அந்த எலுமிச்சைச் சாறு துணியோடு நிற்கட்டும். முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருமையும் வரும். கழுவிய கையில் மிச்சமிருந்தாலும்கூட. தேங்காய் எண்ணெய், கற்றாழை, சந்தனம் இவற்றில் எதுவும் சன்ஸ்கிரீன் வேலை செய்யாது. காலமைன் லோஷனில் ஜிங்க் இருந்தாலும் எஸ்.பி.எஃப். சோதித்த பொருளில்லை, திட்டுத் திட்டாகத்தான் படியும்.

குழாயை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். மே மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும். அழுத்தினால் முதலில் தண்ணீர் வந்து பிறகு கட்டியாக வருவது, மணம் மாறுவது, மணல் போல நெருடுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள். ஆக்டோகிரைலீன் உள்ளவற்றில் நாள் ஆக ஆக பென்சோபீனோன் என்ற வேண்டாத பொருள் கூடிக்கொண்டே போகும். காலாவதியானதைச் சிக்கனம் பார்த்துப் பூசாதீர்கள். திறந்த மூடியின் படத்துக்குள் 12 என்று போட்டிருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம். திறந்த தேதியைப் பேனாவால் குழாயிலேயே எழுதிவையுங்கள்.

வைட்டமின் டி குறைந்துவிடும் என்று பூசாமல் இருக்க வேண்டியதில்லை. அன்றாடம் பூசுவதால் குறைபாடு வருவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. லூபஸ் போன்ற நோயால் வெயிலையே தவிர்ப்பவர்கள் மட்டும் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுக்கட்டும்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் வெந்துவிட்டால், கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடாக, இறுக்கமாக, எரிச்சலாக இருக்கும். பத்து நிமிடம் ஈரத்துணி வைத்து, தண்ணீர் நிறையக் குடித்து, ஆறும்வரை அந்த இடத்தை மூடிவையுங்கள். கற்றாழை இந்த இடத்தில் உதவும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி வந்தாலோ, கொப்புளம் பெரிய பரப்பில் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.